ஆசிரியர்கள் கூடிப் பேசும் நேரத்தை நிறுத்தாதீர்கள்: கல்வி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி நிர்வாகத்தினருக்கும் ஆசிரியர் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

மாதந்தோறும் நடந்துவந்த ஆசிரியர் பகிர்வு அமர்வை இந்தக் கல்வியாண்டு முதல் நிறுத்துவதாகத் தாங்கள் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு ஈடாக ஒவ்வோர் ஆசிரியரும் பதிவுசெய்யப்பட்ட பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து, இணையவழித் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத எந்தச் செயலியையும், ஆசிரியர் தாமே உருவாக்கிய எந்த மின்பாடப்பொருளையும் முன் அனுமதி பெறாமல் வகுப்பில் பயன்படுத்தக் கூடாது என்றும் அதில் கூறியிருக்கிறீர்கள். பாடவேளைகள் வீணாகின்றன, எல்லா வகுப்பறைகளிலும் ஒரே தரம் வேண்டும், மாணவர்களின் தனிப்பட்ட தகவல்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பவை தாங்கள் சொல்லும் காரணங்கள். கணினியும் கைபேசியும் வகுப்பறைக்குள் வந்த நாளிலிருந்து அவற்றைக் கொண்டு கணிதம் கற்பித்து வரும் ஓர் ஆசிரியராக, இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அமைதியாக இருந்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த அமர்வில் என்ன நடக்கிறது என்பதை எந்த அறிக்கையிலும் நாங்கள் விரிவாக எழுதியதில்லை. 'கலந்துரையாடல் நடைபெற்றது' என்ற ஒரே வரிதான் பதிவேட்டில் இருக்கும். அந்த வரியை மட்டும் படிப்பவருக்கு அது வீண் பொழுதாகத் தோன்றியிருக்கலாம். ஆகவே ஒரேயொரு எடுத்துக்காட்டை முழுமையாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பிளிக்கர்ஸ் என்ற முறை ஆசிரியர்கள் பலருக்கும் தெரிந்ததே. மாணவர் ஒவ்வொருவரிடமும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள் அட்டை இருக்கும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளுக்கு உரியவை. தாம் தேர்ந்த விடை மேற்பக்கமாக வரும்படி மாணவர்கள் அட்டையைத் தூக்கிப் பிடிக்க, ஆசிரியர் தம் கைபேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால் போதும், யார் எந்த விடையைச் சொன்னார் என்பது திரையில் பதிவாகிவிடும். மாணவர் கையில் எந்தக் கருவியும் தேவையில்லை. வகுப்பில் ஒரே ஒரு கைபேசி இருந்தாலும் ஒவ்வொரு மாணவரும் விடை சொல்ல முடிகிறது என்பதே இதன் சிறப்பு. எப்போதும் கையுயர்த்தும் நான்கு பேரின் விடையை வகுப்பின் விடையாக எண்ணி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடும் பழக்கத்தை இது முறிக்கிறது.

−3² என்பதன் மதிப்பு என்ன என்று கேட்டேன். அடுக்குக்குறிப் பாடம் முடிந்து, வீட்டுப்பாடமும் திருத்தியாகிவிட்ட வகுப்பு அது. பெரும்பாலான அட்டைகள் 9 என்ற விடையைக் காட்டின. அடைப்புக்குறி இருந்தால்தான் குறையெண் முழுவதும் வர்க்கமாகும், இல்லாவிட்டால் 3 மட்டுமே வர்க்கமாகி விடை −9 ஆகும் என்பதை அவர்கள் மனத்தில் பதிக்கவில்லை. இந்த உண்மை தேர்வுத்தாளில் பல வாரங்கள் கழித்துத் தெரிந்திருக்கும். அன்று அந்தப் பாடவேளையிலேயே தெரிந்தது. இதுவரை கருவியின் வேலை, பயிற்சிக் காணொளியும் இதைச் சொல்லிவிடும்.

ஆனால் காணொளி சொல்லாதவை வேறு. பளபளப்பான உறையிட்ட அட்டையில் சன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா அதைப் படிக்காது, மங்கலான உறையே நல்லது என்று அறிவியல் ஆசிரியர் பகிர்வு அமர்வில் சொன்னார். சிறுவர்களின் விரல் கட்டத்தின் ஓரத்தை மறைத்துவிடுகிறது, அட்டையைக் குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒட்டிவிட்டால் மறைக்காது என்று தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒருவர் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மொழியாசிரியர் ஒருவர் சொன்னது என் கற்பித்தலையே மாற்றியது. விடைகளின் பட்டை வரைபடத்தை உடனே திரையில் காட்டாதீர்கள், எந்தப் பட்டை உயரமோ அந்த விடைக்கு எல்லோரும் சாய்ந்துவிடுகிறார்கள், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லச் சொல்லுங்கள், பிறகு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் தம் வகுப்பில் நடத்திவந்த முறையும் இதுவே: முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாக விடை சொன்னால் மாணவர்களைத் தமக்குள் விவாதிக்க விடுவது, அதற்கும் குறைவாக இருந்தால் ஆசிரியரே மீண்டும் விளக்குவது. எங்கள் மொழியாசிரியர் அவருடைய கட்டுரைகளைப் படித்து வந்து சொல்லவில்லை. தம் வகுப்பில் கண்டதைச் சொன்னார். அந்த அறையில் அமர்ந்திருந்த ஒவ்வொரு பாட ஆசிரியரும் அடுத்த நாளே அதைச் செய்து பார்க்க முடிந்தது.

இதைப் பாடவேளை வீணாவதாகக் கணக்கெழுதுவது நியாயமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் முக்கோணம் வரைந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்க, கூடுதல் மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். அழகான காட்சிதான். கோணங்களை முழு எண்ணுக்குச் சுருக்கிக் காட்டும் அமைப்பில் வைத்திருந்தால், 45, 60, 74 என்று மூன்று எண்கள் தெரியும் தருணமும் வரும். கூட்டிப் பார்க்கும் மாணவிக்கு 179 கிடைக்கும். கணினி தவறு செய்துவிட்டதா, தேற்றம் பொய்யா என்று அவள் கேட்பாள். கேட்க வேண்டும். உண்மையில் அவை 45.4, 60.4, 74.2 ஆக இருந்து, தசமப் பகுதி உதிர்ந்துபோனதால் வந்த குறை அது. இந்தச் சிக்கலை ஒரு சக ஆசிரியர் அமர்வில் எடுத்துவைத்தபோது, தசமத்தைக் கூட்டிச் சிக்கலை மறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னோம். அவரோ அதை வேண்டுமென்றே அப்படியே வைத்திருந்து, முழுதாக்கலில் பிழை எப்படிச் சேர்கிறது என்ற பாடமாக மாற்றிக் காட்டினார். இதுபோன்ற ஒன்றை எந்தப் பயிற்சிப் பொதியிலும் நான் கண்டதில்லை. வகுப்பில் ஒரு குழந்தை கேட்ட கேள்வியிலிருந்து மட்டுமே அது பிறக்க முடியும், அந்தக் கேள்வியை வேறொரு வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல ஆசிரியர்கள் கூடும் இடம் தேவை.

தாங்கள் கட்டாயமாக்கியிருக்கும் காணொளிப் பயிற்சியையும் முழுமையாகப் பார்த்தேன். ஒரு மின்பலகையில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்பதே அதில் பெரும்பகுதி. இறுதியில் வரும் தேர்வில் செயலியின் பெயர்களும் பொத்தான்களின் பயன்களும் கேட்கப்படுகின்றன. பின்னத்தில் தடுமாறும் மாணவனுக்கு அந்தப் பலகை எப்படி உதவும், எப்போது அதை அணைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுக்க வேண்டும் என்ற கேள்விகள் அதில் இல்லை. காணொளியை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களை நான் பார்க்கிறேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கேள்வி கேட்க வழியில்லாத பயிற்சியில் கவனம் நிலைக்காது என்பது மாணவர்களிடம் நாம் நாள்தோறும் காணும் உண்மை.

கருவியை வாங்கிக் கொடுத்தால் கற்றல் தானே வரும் என்ற நம்பிக்கை புதிதன்று. திரைப்படம் வந்ததும் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலையில்லாமல் போய்விடும் என்று தாமஸ் எடிசனே 1913-இல் சொன்னார். அண்மைக் காலத்தில் பெரு நாடு பல லட்சம் மடிக்கணினிகளைப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கியது. அந்நாட்டின் 319 தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. கணிதத்திலும் மொழியிலும் மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கையும், கல்வித் தொழில்நுட்பத்துக்குப் பெருந்தொகை செலவிட்ட நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்றே கூறியது. கருவிகள் பயனற்றவை என்று நான் இதைப் படிக்கவில்லை. என் வகுப்பறையே அதற்கு மறுப்பு. கருவிக்கும் கற்றலுக்கும் நடுவில் ஓர் ஆசிரியர் யோசிக்க வேண்டியிருக்கிறது, அந்த யோசனைக்கு நேரமும் துணையும் வேண்டியிருக்கிறது என்றே படிக்கிறேன். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் அதை நடத்த மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து மாணவர்களைக் கவனித்து, பிறகு கூடி விவாதிக்கும் 'பாட ஆய்வு' முறை நூறாண்டுக்கும் மேலாக வழக்கில் இருக்கிறது. அதை அங்கே யாரும் வீண் செலவாகக் கருதவில்லை. எங்கள் பகிர்வு அமர்வு அதன் மிகச் சிறிய வடிவம்.

யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை இன்னொரு செய்தியைத் தருகிறது. கல்வித் தொழில்நுட்பப் பொருட்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்கிறது அது. அப்படியானால் இன்று பதிவுசெய்த காணொளியில் காட்டப்படும் திரை, இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆசிரியர் முன்னால் இருக்கும் திரையாக இருக்காது. ஆண்டுக்கொருமுறை மட்டுமே புதுப்பிக்கப்படும் என்று தாங்கள் அறிவித்திருக்கும் செயலிப் பட்டியலின் நிலையும் அதுதான். மாதந்தோறும் கூடும் ஆசிரியர்களோ, மாற்றம் வந்த அடுத்த அமர்விலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

மாணவர் தகவல் பாதுகாப்பைப் பற்றித் தாங்கள் கொண்டிருக்கும் கவலை எனக்கும் உண்டு, அதில் ஒரு துளியும் ஐயமில்லை. குழந்தைகளின் பெயரையும் படத்தையும் குரலையும் எங்கோ இருக்கும் நிறுவனத்துக்கு அள்ளிக்கொடுக்கும் செயலிகளை நானும் எதிர்க்கிறேன். ஆனால் மேலிடத்து அங்கீகாரம் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைக் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. ஆராயப்பட்ட 160-க்கும் மேற்பட்ட பொருட்களில் 89 விழுக்காடு, குழந்தைகளின் தகவல்களைக் கண்காணிக்கும் வகையிலோ கண்காணிக்க வாய்ப்புள்ள வகையிலோ அமைந்திருந்தன. அவை யாவும் அரசுகளின் பட்டியலில் இருந்தவை. தங்கள் பட்டியலில் உள்ள செயலிகள் எந்தத் தகவலைச் சேகரிக்கின்றன, எங்கே வைக்கின்றன, எப்போது அழிக்கின்றன என்ற விவரம் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அதே நேரத்தில், எந்த மாணவரின் பெயரையும் கேட்காத, நானே தயாரித்த ஒரு வரைபடக் கோப்புக்கு நான் முன் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். பிளிக்கர்ஸ் அட்டையில்கூட மாணவர் பெயருக்குப் பதிலாக எண்ணை மட்டும் பதிந்து நடத்தலாம் என்பதை எனக்குச் சொல்லித்தந்தது எந்தச் சுற்றறிக்கையும் அன்று, ஒரு பகிர்வு அமர்வுதான்.

ஒரே தரம் வேண்டும் என்பதற்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் பணிபுரிகிறார், பார்வையற்ற மாணவர்களும் படிக்கிறார்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருள் கணினியில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தருகிறது, அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் வினாத்தாளை அது படிக்க முடியாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே என்பதால், காதில் விழுவது பொருளற்ற ஒலிக்குவியல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) முறையில் தட்டச்சு செய்தால்தான் தமிழ் தமிழாக ஒலிக்கும். இந்த வேறுபாட்டை எங்களுக்குப் புரியவைத்தவர் அந்த ஆசிரியர்தான். ஒரு பகிர்வு அமர்வில் தம் மடிக்கணினியின் ஒலியைக் கூட்டி வைத்து, நாங்கள் தயாரித்த வினாத்தாளையே ஓடவிட்டார். அந்த ஒலியைக் கேட்ட பிறகு அறையில் இருந்த எவரும் விளக்கம் கேட்கவில்லை. மறுவாரத்திலிருந்து எங்கள் தாள்கள் ஒருங்குறிக்கு மாறின, பழையவற்றை எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றினோம், படங்களுக்கு அருகில் விளக்க வரி எழுதப் பழகினோம்.

தங்கள் சுற்றறிக்கை வந்தபோது அது தாளை ஒளிப்படமாக வருடி எடுத்த கோப்பாக இருந்தது. அந்தக் கோப்பில் எழுத்து என்று ஒன்றுமே இல்லை, படம் மட்டுமே இருந்தது. தமது பணியை மாற்றும் ஆணையை அந்த ஆசிரியர் தாமே படிக்க முடியாமல், இன்னொருவர் படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டார். தரம் என்ற சொல்லைத் தாங்கள் பயன்படுத்தும்போது இவரும் இவரைப் போன்ற மாணவர்களும் அதற்குள் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். எல்லா வகுப்பறைக்கும் ஒரே செயலியைக் கொடுப்பதால் அது நடந்துவிடாது. ஒவ்வொரு மாணவரும் பாடத்தை அடைந்தாரா என்று பார்ப்பவர் ஆசிரியர். அடையாதவரை எப்படி அடையச் செய்வது என்ற வழியைப் பெரும்பாலும் சக ஆசிரியரிடமிருந்தே அவர் பெறுகிறார்.

பட்டியலில் தாங்கள் சேர்த்திருக்கும் கருவிகளில் சில எங்கிருந்து வந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஜியோஜீப்ரா, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய பணி. அறிவியல் சோதனைகளைக் கணினித் திரையில் செய்து பார்க்க உதவும் ஃபெட் பாவனைகள், நோபல் பரிசு பெற்ற பிறகும் கற்பித்தலைக் கைவிடாத கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நிறுவியவை. கற்பித்தலைப் பற்றி ஓயாமல் யோசித்தவர்கள் முன் அனுமதிக்குக் காத்திராமல் செய்து பார்த்ததால் கிடைத்த பயன்களையே இன்று நாம் அனைவரும் அனுபவிக்கிறோம்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை.

பகிர்வு அமர்வை நிறுத்தும் ஆணையை இந்தப் பருவம் முடிவதற்குள் திரும்பப் பெறுங்கள். மாதத்தில் இரண்டு பாடவேளைகளைப் பணிநேரத்துக்குள்ளேயே அதற்கென ஒதுக்குங்கள். பள்ளி முடிந்த பிறகோ விடுமுறை நாளிலோ வைத்தால், வீட்டில் குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்கும் ஆசிரியர்கள், குறிப்பாக ஆசிரியைகள், வர இயலாமல் போகும். என்ன பேச வேண்டும் என்பதை ஆசிரியர்களே முடிவுசெய்யட்டும். என்ன பேசப்பட்டது, அடுத்த மாதத்துக்குள் யார் எதைச் செய்து பார்க்கப்போகிறார், செய்து பார்த்ததில் எது சரிவரவில்லை என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தங்களுக்கு அனுப்ப நாங்கள் பொறுப்பேற்கிறோம். ஒற்றை வரிப் பதிவால் விளைந்த ஐயத்தை அது நீக்கும்.

காணொளிப் பயிற்சியைக் கட்டாயத்திலிருந்து நீக்கி, வேண்டியவர் பார்க்கும் துணைப்பொருளாக வைத்திருங்கள். சான்றிதழ் தரத்தான் வேண்டுமென்றால், ஆசிரியர் ஒரு புதிய உத்தியை வகுப்பில் நடத்தி, சக ஆசிரியர் ஒருவர் அதை நேரில் கண்டு, இருவரும் அமர்ந்து பேசிய பதிவின் அடிப்படையில் தாருங்கள்.

மாணவர் தகவல் எதையும் சேகரிக்காத பாடப்பொருளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று தெளிவாக அறிவியுங்கள். சேகரிக்கும் செயலிகளுக்கு அனுமதி முறை இருக்கட்டும். விண்ணப்பித்த 10 வேலைநாட்களுக்குள், மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் விடை வர வேண்டும். அந்த முடிவை எடுக்கும் குழுவில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரும், பெற்றோர் ஒருவரும் இடம்பெற வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு செயலியும் சேகரிக்கும் தகவல் எது, அது எங்கே எவ்வளவு காலம் வைக்கப்படுகிறது என்பதைப் பெற்றோரும் படிக்கும்படி தமிழில் வெளியிடுங்கள்.

தங்கள் அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகள், பாடத்திட்டங்கள், வினாத்தாள்கள் அனைத்தையும் இனி ஒருங்குறியில், எழுத்தாகவே படிக்கக்கூடிய கோப்பாக அனுப்புங்கள். நிறுத்த ஆணையிட்ட இந்தச் சுற்றறிக்கையையும் அந்த வடிவில் மீண்டும் அனுப்புங்கள்.

இறுதியாக, இது குறித்து முடிவெடுக்கும் முன் எங்கள் பகிர்வு அமர்வு ஒன்றுக்குத் தங்களில் ஒருவரேனும் நேரில் வந்து முழுமையாக அமர்ந்திருக்க வேண்டுகிறேன். நாளைத் தாங்களே குறியுங்கள். இந்த வேண்டுகோள்களுள் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க இயலாது, ஏன் என்பதை அனைத்து ஆசிரியர்களுக்கும் எழுத்துவடிவில் ஒரு மாதத்துக்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்